கேன்டீனுக்குப் போன கீரை

கல்லூரி அலுவலகத்தில் மகன் சம்பத்தின் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு வெளியே வந்த தனம், வாசலுக்குப் போகாமல் கேன்டீன் எங்கே என்று விசாரித்து நடந்தாள். கணவர் அப்பாதுரையிடம் இதைச் சொல்லியிருக்கவில்லை. மகன் செத்த அன்று, ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிக்கு அடியில் பைக் கிடந்த இடத்தைச் சுற்றிலும் கீரைக்கட்டுகள் சிதறிக் கிடந்ததாகப் போலீஸ்காரர் சொன்னார். தோட்டத்துப் பொம்பளை ஒருத்தியிடம் வாங்கிக் கல்லூரி கேன்டீனுக்குக் கொண்டுபோன கீரையாம். அதிலிருந்து அப்பாதுரை அந்தக் கீரையைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை. கீழ்க்கட்டளை வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்களிடம், "க்ளாசுக்குப் போய்க்கிட்டிருந்தான்" என்று மட்டும் சொன்னார். மறைமலை நகர் கம்பெனியில் இரண்டு ஷிப்ட் பார்த்துப் பையனை என்ஜினியரிங் சேர்த்தவர். ஒரே ஒரு தடவை, சுவரைப் பார்த்துக்கொண்டு, "கீரை விக்கவா அனுப்புனேன்?" என்றார்.

மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்திருந்தது. மேசை துடைத்துக்கொண்டிருந்த மெஹர் பானுவிடம், "நான் சம்பத்தோட அம்மா" என்றாள் தனம். பானு துணியைப் போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்லாவில் இருந்த பானுவின் கணவர் பக்கீர் முகமது எழுந்து நின்றார். அவர்கள் பேசி முடிக்கும்வரை அவர் உட்காரவேயில்லை.

"நாங்க காய்கறி எல்லாமே கோயம்பேடு மார்க்கெட்லதான்க்கா எடுத்துக்கிட்டிருந்தோம். தம்பி வந்து இவர்கிட்ட ஒரே சண்டை. 'பாய், ஏரிக்கு அந்தாண்ட அவ்ளோ கீரை விளையுது. அது கோயம்பேட்டுக்குப் போய் வாடி வதங்கி மறுபடி நம்ம தட்டுக்கு வருது. நேரா வாங்குனா என்ன?'ன்னு," என்றாள் பானு.

பக்கீர் முகமது ஒப்புக்கொண்டார். ஆனால் ஏரிக்கு அந்தப் பக்கம் தோட்டத்தில் கீரை போடும் கிளியம்மாளிடம் வண்டி கிடையாது. இந்தச் சில கட்டுகளுக்காக எந்த வேன்காரனும் வர மாட்டான். சம்பத்தே தினமும் காலையில் தோட்டத்துக்குப் போய்ப் பைக்கில் கட்டிக்கொண்டு வந்தான். முதலில் பிள்ளைகள் ஆஸ்பத்திரிச் சாப்பாடு என்று கேலி செய்தார்கள். அவன் கரண்டியைப் பிடித்துக்கொண்டு பரிமாறும் இடத்தில் நின்று, ஒவ்வொரு தட்டிலும் கெஞ்சிக் கெஞ்சிப் போட்டான். போகப்போகக் கீரைக்கூட்டுதான் முதலில் தீர்ந்தது. ஊரில் மற்றவர்களும் கத்திரிக்காய், முள்ளங்கி என்று அனுப்ப ஆரம்பித்தார்கள். அவன் போன பிறகு நிர்வாகம், மாணவர்கள் எதையும் வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது என்றது. மறுபடியும் கோயம்பேடுதான்.

"வீட்டுல கீரையைக் கண்டாலே எழுந்து போயிடுவான்," என்றாள் தனம்.

"இங்க மட்டும் என்ன? ஊருக்கெல்லாம் போட்டுட்டு அது தயிர்சாதம் தின்னும்க்கா."

தனத்துக்குச் சிரிப்பு வந்தது. அவன் போனதிலிருந்து முதல் தடவையாக வந்த சிரிப்பு. அது பாதியிலேயே உடைய, மேசையில் தலைவைத்து அழுதாள். பானு அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "எனக்கு அந்தத் தோட்டத்தைப் பாக்கணும்" என்றாள் தனம்.

இருவரும் ஆட்டோவில் போனார்கள். அன்று காலையில் கீழ்க்கட்டளையிலிருந்து பஸ்ஸில் வரும்போதே தனம் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். படிக்கிற பையன் தலையில் மூட்டையை ஏற்ற உனக்கு எப்படி மனசு வந்தது என்று அந்தப் பொம்பளையை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும். ஆட்டோவை விட்டு இறங்கும்வரை அது மனதில் அப்படியே இருந்தது.

தோட்டத்தில் தண்டுக்கீரை இடுப்புயரம் வளர்ந்து, பூத்து, முற்றிப்போய் நின்றது. பல நாட்களாக யாரும் அறுக்கவில்லை. பானு சொல்லித்தான் கிளியம்மாளுக்கு வந்தது யார் என்று தெரிந்தது. அவள் அப்படியே பாத்தியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எம்மேல மண்ண வாரித் தூத்திட்டுப் போம்மா. அதுக்கப்பறம் இந்தக் கையால ஒரு கட்டு அறுக்கல நானு. அறுத்தா அந்தப் புள்ள வந்துகினு கீற மாரியே கீது."

சேர்த்து வைத்த வார்த்தைகளில் ஒன்றுகூடத் தனத்துக்கு வரவில்லை. வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு, காய்ந்து கிடந்த வாய்க்காலில் கால் வைத்து எதிரே உட்கார்ந்தாள். அவன் செத்த அன்று காலை அவனிடம் சண்டை போட்டிருந்தாள். விடிந்ததும் விடியாததுமாக எங்கேடா ஓடுகிறாய் என்று கத்தினாள். அவன் தட்டில் வைத்த இட்லியைத் தொடாமல் பைக்கை எடுத்தான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"அன்னைக்கு இங்க ஏதாச்சும் சாப்பிட்டானா?"

கிளியம்மாள் நிமிர்ந்தாள். பானுவைப் பார்த்தாள். பிறகு மண்ணைப் பார்த்தாள்.

"சாப்ட்டுச்சும்மா. கூழு குட்த்தேன். குடிச்சிட்டுத்தான் போச்சு."

 அவள் பானுவைப் பார்த்ததையும் மண்ணைப் பார்த்ததையும் தனம் கவனித்திருந்தாள். நிஜமாகவா என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள்.

"வயிறு நெறைஞ்சிருக்குமா?"

"நெறையத்தாம்மா குடிச்சுது."

தனம் தலையை ஆட்டினாள். கிளியம்மாள் எழுந்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பாத்திக்குத் தண்ணீர் விடக் கிணற்றுப் பக்கம் போனாள். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. வெடித்த மண்ணை நனைத்துக்கொண்டு, சருகுகளைத் தள்ளியபடி வாய்க்காலில் தண்ணீர் வந்தது. தனம் காலை எடுக்கவில்லை. பாதங்களைச் சுற்றி ஓடிய தண்ணீர் வரப்போரம் ஏறி, அவள் கழற்றி வைத்திருந்த செருப்புகளில் ஒன்றைத் தூக்கி மெல்லத் திருப்பியது. பானு குனிந்து எடுக்கப் போனாள். "இருக்கட்டும், தண்ணி பாயட்டும்" என்று தனம் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.