நாலு மணி நேர பாட்டில்

எங்கள் ஊரில் ஊசி போட்டுக்கொண்டவரைப் பார்க்க யாரும் வர வேண்டியதில்லை. ட்ரிப்ஸ் ஏறுகிறவரைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் வந்தே ஆக வேண்டும். சட்டம் அப்படி. நல்ல சட்டம்தான்.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அண்ணன் என்னோடு பேசி ஆறு வருஷமாகிறது. கிணற்று மோட்டாரை யார் நிறுத்துவது என்று தகராறு. கோபித்துக்கொண்டு தென்காசிக்குக் குடிபோய்விட்டார். மோட்டார் இன்னும் ஓடுகிறது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் ஊசியைத்தான் எடுத்தார். ட்ரிப்ஸ் வேண்டும் என்றேன்.

“ஊசின்னா சதையில, ஒரு நிமிஷம். ட்ரிப்ஸ்னா நரம்புல. நாலு மணி நேரம் கையை அசைக்காம கெடக்கணும்.”

“அதான் வேணும் டாக்டர்.”

பக்கத்துக் கட்டில்காரர் ஊசியே போதும் என்றார். போட்டார்கள். பஞ்சை வைத்துத் தேய்ப்பதற்குள் அவர் வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, பேத்தி கல்யாணத்தையும் முடித்துவிட்டார். யாரும் பார்க்க வரவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது.

நர்ஸ் பியூலா என் புறங்கையைத் தட்டி நரம்பைக் கூப்பிட்டார். அது கொஞ்சம் யோசித்துவிட்டு வந்தது. பாட்டிலை மாட்டினார். முதல் சொட்டு விழுந்ததும், தென்காசியில் அண்ணன் பஸ் ஏறிவிட்டதாகச் சொன்னார். பாட்டில் முடிந்தபின் வருகிறவர்களை உள்ளே விட மாட்டார்களாம்.

பயமாகிவிட்டது. சொட்டைக் குறைக்கச் சொன்னேன்.

“கொறச்சா பஸ்ஸும் மெதுவாத்தான் வரும்,” என்றார் பியூலா.

பழையபடியே விடச் சொன்னேன்.

அண்ணன் வராந்தாவின் மறுகோடியில் தெரிந்தார். கையில் சாத்துக்குடிப் பை. அவர் நடக்க நடக்க வராந்தா நீண்டது. கடைசிச் சொட்டு விழுந்தபோது வாசலுக்கு நாலடி பாக்கி. வாட்ச்மேன் கையை நீட்டி மறித்தார்.

அண்ணன் ரொம்ப மெலிந்திருந்தார். எனக்கு அழுகை வந்தது.

அவர் காலி பாட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வராந்தாவில் கிடந்த கட்டிலில் ஏறிப் படுத்து, சட்டைக் கையைச் சுருட்டினார். டாக்டர் ஊசியோடு வந்தார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, இருப்பதிலேயே பெரிய பாட்டிலாகக் கேட்டார்.

மாட்டினார்கள். சொந்தக்காரர் என்றால் போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்று வாட்ச்மேன் என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார். போனேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு சாத்துக்குடியை உரித்தேன்.

அண்ணன் பியூலாவிடம் திரும்பினார்.

“மெதுவா விடும்மா. எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல.”