ரொட்டிக்கடை வாசலில் தமிழ்செல்வி

தமிழ்செல்வி டெங்குவில் போன பிறகும் ஜெர்மன் வகுப்பில் அவள் இடம் அப்படியே இருந்தது. இளஞ்செழியனுக்கு முனிச்சில் வேலை உறுதியானபோது கணவனும் மனைவியுமாகச் சேர்ந்த விஆர் வகுப்பு. ஹெட்செட்டை மாட்டினால் முன்னால் ஜெர்மன் தெரு. அங்கிருக்கும் ஆசிரியையோடு நேரில்போலப் பேசலாம்.

"சீட்டு வீணாப் போகுதுல்ல, மாப்ள. கனி படிக்கட்டும்" என்றார் மாமனார் கருப்பசாமி. கனிமொழி அவருடைய இளைய மகள். அதோடு நிற்கவில்லை. "போறப்ப ரெண்டு பேராப் போங்களேன். வெளிய எதுக்குப் பொண்ணு தேடணும்?" ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்லச் சொன்னார்.

ஞாயிறும் வந்தது. தில்லி மோதி பாக் குவார்ட்டர்ஸின் முன்னறையில் இளஞ்செழியனும் கனிமொழியும் ஹெட்செட்டோடு ஆளுக்கொரு நாற்காலியில். கருப்பசாமி பேப்பரைப் பிரித்துவைத்துக்கொண்டு படிக்காமல் இருந்தார்.

"மண்டையப் பிடிக்குது அத்தான். அக்காவுக்கு இவ்ளோ சின்னத் தலையா?"

"பின்னாடி பட்டையத் தளர்த்து."

"அச்சா, அச்சா. உள்ள வந்துட்டேன்."

ஜெர்மன் தெருவில் இளஞ்செழியன் திரும்பிப் பார்த்தான். ரொட்டிக்கடை வாசலில் தமிழ்செல்வி நின்றிருந்தாள். மஞ்சள் குர்தா, தன் விஆர் உருவத்துக்கு அவளே அன்று தேடி எடுத்து வைத்த மூக்குத்தி. செல்வியின் கணக்கில் கனி நுழைந்தால் செல்வியின் உருவம்தான் வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஆசிரியை புதியவள். கல்லாவில் நின்றபடி ஜெர்மனில் கேட்டாள். "உங்களோடு வந்திருப்பது யார்?"

"என் மனைவி" என்றான், அதே மொழியில். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

உருவம் அசையவில்லை. கனிமொழியின் மூச்சு மட்டும் கேட்டது.

அவன் ஹெட்செட்டைக் கழற்றியபோது அவளும் கழற்றியிருந்தாள்.

"ஜெர்மன்ல மாப்ள என்ன சொன்னாரு, கனி? ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்றார் கருப்பசாமி.

கனிமொழி அவனைப் பார்த்தாள். 'மனைவி' முதல் பாடத்திலேயே வரும் சொல்; புத்தகத்தில் பார்த்திருந்தாள். அப்படியே அப்பாவிடம் சொன்னால் கல்யாணம் முடிவானதாகிவிடும்.

"அத்தான், நான் அங்க யாரா இருந்தேன்?"

"செல்வியாத்தான்."

அவள் அப்பா பக்கம் திரும்பினாள். "அக்காவத்தான் பொண்டாட்டின்னாருப்பா. என்னை இல்ல."

"அவரு சொல்லட்டும்."

"இந்தக் கல்யாணம் வேண்டாம், மாமா" என்றான் இளஞ்செழியன்.

கோபப்படுவார் என்று காத்திருந்தான். கருப்பசாமி பேப்பரை மடித்தார், மறுபடி பிரித்தார்.

"செல்வி உள்ள இருக்காளா?" குரல் இறங்கியிருந்தது. "கனி, ஒரு தடவ மாட்டிட்டு நில்லு. மாப்ளயோடத வாங்கி நான் பாக்குறேன்."

"மாட்டேன்பா. நான் அக்காவா நிக்க மாட்டேன்."

கருப்பசாமியின் கை நீண்டபடியே இருந்தது. இளஞ்செழியன் ஹெட்செட்டைக் கொடுக்கவும் இல்லை, மடியிலிருந்து எடுத்து வைக்கவும் இல்லை.