மவுஸ் பட்டாத்தான் விரியும்

இதை யார்கிட்டயாவது சொன்னாத்தான் எனக்கு மனசு ஆறும், அதான் உக்காந்து தட்டுறேன்.

எங்க தெருச் சங்கத்துல முன்னெல்லாம் ஒரு அட்டை வீடு வீடா சுத்தும். தண்ணி எப்போ நிக்கும், குப்பை எப்போ எடுப்பாங்க, எல்லாம் அதுல இருக்கும். படிச்சுட்டு, படிச்சாச்சுங்கறதுக்கு நம்ம பேர் முத்திரையைக் குத்தி அடுத்த வீட்டுக்குக் கொடுக்கணும். எனக்கு அடுத்த வீடு ஹிராபுகி சான். ஊசி வைத்தியம் பண்றவர், பிறவியிலேயே கண் தெரியாது. அவர் வாசல்ல நின்னு நானே படிச்சுக் காட்டி, அவர் முத்திரையையும் குத்திட்டு வருவேன். பத்து நிமிஷம் ஆகும். அவர் கொடுக்கற பார்லி டீயோட சேத்தா இருபது.

போன இலையுதிர் காலத்துல நான் கம்ப்யூட்டர் கிளாஸ் போய், அட்டைக்குப் பதிலா சங்கத்துக்கு ஒரு வெப்சைட் பண்ணிக் கொடுத்தேன். எல்லாரும் கை தட்டினாங்க. மேல ஒரு மெனு, மவுஸைக் கொண்டுபோனா அப்படியே கீழ விரியும். அதுக்குக் கீழ பழைய விழாப் படம் நாப்பது, கேமரா போட்ட நம்பரோட அப்படியே. ஹிராபுகி சான் வீட்டுல வாய்விட்டுப் படிக்கற கம்ப்யூட்டர் இருக்கு. அப்புறமென்ன, இனி நான் போக வேண்டாம்னு நினைச்சேன். உண்மையைச் சொல்றேன், கொஞ்சம் நிம்மதியாக்கூட இருந்துச்சு.

ஆகஸ்ட்ல ஓபோன் நடனம், முன்னோரை நினைச்சுத் தெருவே கூடி ஆடற விழா. மேடை மேல முதல் முரசு முப்பத்தோரு வருஷமா ஹிராபுகி சான்தான் அடிப்பார். இந்த வருஷம் முரசுக்குப் பேர் கொடுக்கறதும் வெப்சைட்ல அந்த மெனுவுக்குள்ளதான். ஜூலை இருபதோட முடிஞ்சுது, அவர் பேர் வரல. வயசாச்சு, வேண்டாம்னு இருக்கார் போல, கேட்டா சங்கடப்படுவார்னு நானும் கேக்கல. முடிதிருத்தற ட்சுகுதா சானுக்குக் கொடுத்துட்டோம்.

அந்த வாரம் தோள் வலின்னு ஹிராபுகி சான்கிட்டயே போனேன். குப்புறப் படுக்க வெச்சு, எட்டு ஊசி குத்திட்டு, சாதாரணமா கேக்கறார்: "முதல் முரசு இந்த வருஷம் யாரு, முரோட்டா சான்?"

"ட்சுகுதா சான். நீங்கதான் பேரே கொடுக்கலயே!"

"எங்க போய்க் கொடுக்கறது? என்னை மெதுவா கழட்டி விட்டுட்டீங்கன்னு நினைச்சேன். கேட்டா உங்களுக்குச் சங்கடம், அதான் பேசாம இருந்துட்டேன்."

பதறி எழுந்திருக்கப் பாத்தேன்.

"அசையாதீங்க, ஊசி இருக்கு."

படுத்தபடியே கேட்டேன். அவருக்கு மவுஸ் எதுக்கு, கீபோர்டு மட்டும்தான். டேப் பட்டனைத் தட்டத் தட்ட கம்ப்யூட்டர் படிக்குது: "லிங்க், படம் நாலாயிரத்து எழுபது. லிங்க், படம் நாலாயிரத்து எழுபத்தொண்ணு." என் மெனுவை எட்டிக்கூடப் பாக்கல. மவுஸ் பட்டாத்தான் விரியணும்னு பண்ணி வெச்சவ நான்தானே.

"இப்படி நாப்பது படம், எண்ணியாச்சு. அந்த எழுபத்தொண்ணுல அப்படி என்னதான் இருக்கு?"

"நீங்கதான். மேடையில முரசு அடிக்கறீங்க."

"ஓஹோ! அழகா இருக்கேனா?"

வீட்டுக்கு வந்ததும் மவுஸைப் பிடுங்கி டிராயர்ல போட்டேன். நாலு நாள் அதே வேலை. மெனுவைப் பட்டனா மாத்தினேன், என்டர் தட்டினா திறக்கும், திறந்திருக்கா மூடியிருக்கான்னும் சொல்லும். படத்தையெல்லாம் தாண்டி நேரா விஷயத்துக்குப் போக ஆரம்பத்துலயே ஒரு லிங்க். ஒவ்வொரு படத்துலயும் யாரு, என்ன பண்றாங்கன்னு எழுதினேன். கம்ப்யூட்டரைப் படிக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கிட்டு கடைசி வரை போய்ப் பாத்தேன்.

அப்புறம் சங்கக் கூட்டத்துல எழுந்து, தப்பு என்னோடதுன்னு தலை குனிஞ்சு சொன்னேன். ஆனா ட்சுகுதா சான் புதுக் குச்சி வாங்கியாச்சு, நிகாட்டாவுல இருந்து அண்ணன் குடும்பத்தையே கூப்பிட்டாச்சு. ஹிராபுகி சானே சொல்லிட்டார், "கொடுத்ததைப் பிடுங்காதீங்க. கடைசி முரசு எனக்குப் போதும்."

விழா அன்னிக்கு முதல் முரசு தொடங்கறப்போ அவர் கீழ என் பக்கத்துல நின்னார். விரல் தொடையில தாளம் போட்டுக்கிட்டே இருந்துச்சு. நடுவுல மேடையில ஒரு அடி தப்பிப்போச்சு. விரல் டக்குன்னு நின்னுடுச்சு.

"முரோட்டா சான், அது உங்க மவுஸ் அடிச்ச அடி"ன்னு சொல்லிச் சிரிச்சார்.

எனக்குச் சிரிப்பு வரல.