தண்ணீருக்கு ஒரு பாடு

பழவேற்காட்டு ஏரிக்கரையில் புயல் வெள்ளம் வருடத்துக்கு ஓர் ஊருக்கு மட்டும்தான் வரும். எந்த ஊர் என்பதைச் சித்திரையிலேயே சீட்டுக் குலுக்கி முடிவு செய்துவிடுவார்கள். ஐப்பசியில் தண்ணீர் அதன்படி நடந்துகொள்ளும். சீட்டு விழுந்த ஊரின் எல்லைவரை வந்து, கூரை உயரத்துக்குச் சுவர்போல நிமிர்ந்து நிற்கும். வேலிக்கு இந்தப் பக்கம் பக்கத்து ஊர்ப் பெண்கள் கருவாட்டைக் காயவைத்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பக்கம் முருங்கைமரத்துக்கு மேலே மடவை மீன் நீந்தும். முதல் வருடம் சிலர் போய் விரலால் தொட்டுப் பார்த்தார்கள். பிறகு அதற்கும் யாருக்கும் நேரமில்லை.

இது ஒரு கவனக்குறைவில் ஆரம்பித்தது. ஒல்லாந்தர் கோட்டை கட்டி ஒரு தலைமுறை ஆகியிருந்த காலம். ஏரியில் எந்த ஊர் எந்த இடத்தில் வலை போடுவது என்பதற்குப் பாடு என்று பெயர். அதை வருடாவருடம் ஓலைச்சீட்டு எடுத்துத்தான் பிரித்துக்கொள்வார்கள். சீட்டு நறுக்கும் ஆதிநாராயணன், தன் மகளின் கல்யாண நினைப்பில் ஓர் ஓலையை அதிகமாக நறுக்கிப் போட்டுவிட்டார். எல்லா ஊர்களும் எடுத்து முடித்தபின் குடத்தில் எதுவும் எழுதாத சீட்டு ஒன்று கிடந்தது. குடத்தில் விழுந்த சீட்டுக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தாக வேண்டும், அதுதான் வழக்கம். அதற்கு முந்தின வருட வெள்ளம் கரையில் ஒரு வீட்டையும் விட்டுவைக்கவில்லை, வீட்டுக்கு ஓர் ஆளையாவது கொண்டுபோயிருந்தது. அந்த வெற்றுச் சீட்டைத் தொடவே எல்லோரும் பயந்தார்கள். அதனால் பெரியகுப்பத்து நாட்டாமை கோதண்டம், "அது புயலோட பாடு, நாங்களே எடுத்துக்கறோம்" என்று எரிச்சலில் சொல்லிவிட்டார். அந்த ஐப்பசியில் பெரியகுப்பம் மட்டும் முழுகியது. மற்ற ஊர்க் கோழிகூட நனையவில்லை. அடுத்த சித்திரையில் ஊர்ப்பெயர்கள் எழுதித் தண்ணீருக்கென்று தனிக் குடம் வைத்தார்கள். கரையில் யாருக்கும் உறவில்லாத உப்பு வியாபாரி ஒருவரைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள்.

நாளடைவில் அது நன்றாகவே நடந்தது. சீட்டு விழுந்த ஊர் ஐப்பசி பிறந்ததும் சட்டி பானை, ஆடு, வலையோடு கிளம்பிவிடும். போன வருடம் நனைந்த ஊர்தான் அவர்களை வைத்துச் சோறு போட வேண்டும். அந்த நாட்களில் முடிவான கல்யாணங்கள் ஏராளம், முறிந்த கல்யாணங்களும் உண்டு. தண்ணீர் வடிந்தபின் நனைந்த ஊரில் இறால் மண்டிக் கிடக்கும், அது அவர்களுக்கே சொந்தம். செத்தவர்கள் ஒருவரும் இல்லை. ஒரு கடலோர ஜனம் இதைவிட வேறென்ன கேட்டுவிட முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் தோணிரேவு என்ற ஊருக்கு மூன்று வருடம் தொடர்ந்து சீட்டு விழுந்தது. வீட்டுச் சுவரை மறுபடி எழுப்புவதுகூட அவர்களுக்குப் பெரிதில்லை. வருடத்துக்கு வருடம் அவர்களே நனைந்ததால், விருந்து போட வேண்டிய ஊரும் அவர்கள்தான், போக்கிடம் இல்லாத ஊரும் அவர்கள்தான். மற்ற ஊர்க்காரர்கள் பரிதாபப்பட்டுக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பரிதாபத்தில் போட்ட சோறு பாதி இலையிலேயே கிடந்தது. மூன்றாம் வருடம் ஊர் திரும்பியதும் நாட்டாமை கங்காதரனின் மனைவி செல்வம்மாள் சுவருக்கு மண் பிசைய உட்காரவில்லை. "எத்தினி வாட்டி கைய நீட்டி வாங்கித் துன்றது? நானும் ஒரு வாட்டி யாருக்காச்சும் எல போடணும். இங்க அது நடக்காதுன்னா வடக்க போயிடலாம்" என்றாள். ஊரே அதை ஒப்புக்கொண்டு மூட்டை கட்டியது. ஓர் ஊர் விலகினால் பாடு முறியும், பாடு முறிந்தால் தண்ணீருக்கு யாரிடமும் பேச்சு இல்லை, பழையபடி எல்லா வீட்டுக்கும் வரும்.

சித்திரைக் கூட்டத்துக்கு அதனால் எல்லோரும் வந்தார்கள். அழைக்காமலே வந்தவர் பரக்கத் பீவி. சாயத்துணியைக் கப்பலேற்றும் குடும்பத்து விதவை, பழவேற்காட்டுத் தெருவில் அவர் சொன்னால் மறுபேச்சு இருக்காது. அந்தத் தெருவுக்கு ஏரியில் பாடு கிடையாது, ஆகவே தண்ணீர்க் குடத்திலும் சீட்டு கிடையாது. எங்கள் தெருப் பெயரையும் எழுதிப் போடுங்கள் என்றார் பீவி. கூட்டம் நன்றி சொல்லியிருக்கலாம். கோதண்டமோ, "இன்னிக்கி தண்ணில பங்குன்னுவாங்க, நாளைக்கி மீனுல பங்குன்னு நிப்பாங்க" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பெரிய மனிதர்தான், ஆனால் மீன் என்று வந்துவிட்டால் சொந்தத் தம்பியையும் நம்பமாட்டார்.

"மீன காசு குடுத்தே வாங்கிக்கறோம், கோதண்டம்" என்றார் பீவி. "நீங்க நனையறப்ப நாங்க துணி காயவெச்சிகினு இருக்கோம். வெக்கமா இருக்குது."

இதையெல்லாம் கோட்டைத் துரை தன் துபாஷி கோபாலோடு ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். துபாஷி காதில் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. அவருடைய நாடே கடல் மட்டத்துக்குக் கீழே இருப்பதாகவும், அங்கே கரை போடுவதில் பங்கெடுக்காதவனை யாரும் மனிதனாக மதிப்பதில்லை என்றும் சொல்லி, கோட்டைக்கும் ஒரு சீட்டு எழுதச் சொன்னார். கோட்டைக்குள்ளேதான் கும்பெனியின் வெடிமருந்து முழுவதும் இருந்தது. கணக்கர் அழாத குறையாகத் தடுத்துப் பார்த்தார். துரை கேட்கவில்லை. கோதண்டமும் வாயை மூடிக்கொண்டார், கோட்டைக்காரர்கள் மீன் பிடிக்கமாட்டார்கள் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். துரைக்கு ஒப்புக்கொண்டபின் பீவிக்கு மறுக்க முடியாமல், இரண்டு சீட்டும் குடத்தில் விழுந்தன. உப்பு வியாபாரி கையை விட்டு எடுத்தார். கோட்டை.

துரை வெளுத்துப்போனார், அவர் ஏற்கெனவே வெளுப்பு என்பதால் வெகு சிலரே கவனித்தார்கள். விருந்து போட வேண்டியது போன வருடம் நனைந்த தோணிரேவு. செல்வம்மாள் கட்டிய மூட்டையை அன்றைக்கே அவிழ்த்தாள்.

ஐப்பசி பிறந்ததும் வெடிமருந்துப் பீப்பாய்கள் தோணிகளில் வந்திறங்கின. வீட்டுக்கு நாலு பீப்பாய் வைத்து, சிப்பாய்களுக்குப் பாய் விரித்தபின்தான் ஒரு விஷயம் உறைத்தது. ஊரில் அடுப்பு மூட்டக்கூடாது. சுருட்டுகூடப் பற்றவைக்கக்கூடாது. விருந்து போடக் காத்திருந்த ஊரில் உலை வைக்க வழியில்லை. செல்வம்மாள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள், வாய்விட்டு அழவும் செய்தாள். கங்காதரன் படகெடுத்துக்கொண்டு பீவியிடம் போனார். அன்றுமுதல் தினமும் பழவேற்காட்டுத் தெருவிலிருந்து தேக்சா தேக்சாவாகச் சோறு தோணியில் வந்தது. மீன் தோணிரேவுடையது, சமையல் தெருவுடையது. இலை போட்டுப் பரிமாறியது செல்வம்மாள். துரை இலையின் முன் காலை மடக்க முடியாமல் நீட்டி உட்கார்ந்தார். அவள் மறுசோறு வைக்கும்போது போதும் என்று சொல்லத் தெரியாததால் எல்லாவற்றையும் சாப்பிட்டார். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து ஊர் பார்த்ததில்லை.

தண்ணீர் சொன்னபடி வந்தது. கோட்டை வாசலில் நுழைந்து, மதில் விளிம்புவரை நிறைந்து, குடத்துத் தண்ணீர்போல அசையாமல் நின்றது. வடிந்தபோது பீரங்கி வாய்களில் இறால் பிதுங்கியது. வழக்கப்படி அது துரைக்குச் சொந்தம். அவருக்கு வலை போடத் தெரியாததால் தோணிரேவு ஆட்களைக் கூப்பிட்டுப் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார். கோதண்டம் ஒரு வாரம் தினமும் வந்து கூடைகளை எண்ணிவிட்டுப் போனார்.

அடுத்த சித்திரையில் உப்பு வியாபாரி எடுத்த சீட்டைப் பார்த்துவிட்டுப் படிக்கவே தயங்கினார். தோணிரேவு. எல்லோரும் செல்வம்மாளைப் பார்த்தார்கள், அவள் துரையைப் பார்த்தாள். போன வருடம் நனைந்தது கோட்டை, இந்த முறை விருந்து போட வேண்டியதும் கோட்டை. கங்காதரன் சீட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு துபாஷி பக்கம் திரும்பினார்.

"தொரைய கேளு கோபாலு, கோட்டைல அடுப்பு மூட்டலாமா?"

துபாஷி கேட்டார். துரை வருத்தத்தோடு தலையை ஆட்டினார், கூடாது.

"எத்தினி பேருன்னு மட்டும் சொல்லி அனுப்பு, கங்காதரா" என்றார் பரக்கத் பீவி.

ஐப்பசியில் தண்ணீர் தோணிரேவுக்கு வந்து கூரை உயரத்துக்கு நின்றது. அங்கே அதைப் பார்க்க யாரும் இல்லை. எல்லோரும் கோட்டைக்குள் பீரங்கிகளுக்கு நடுவே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். துரை குனிந்து, ரசத்தை இலைக்கு வெளியே ஊற்றியபடி, செல்வம்மாளுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தார்.