எரிக்க வேண்டிய சட்டைகள்

செத்துக் கிடந்த கணவனின் உள்ளங்கையை அவள் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் போனபாடில்லை.

"காமாலைதான். தம்பி ஒளிச்சு ஒளிச்சுக் குடிச்சிருப்பான். ஈரல் சும்மா கெடுமா?" வாசலில் நின்ற மூத்தார், கணவனின் அண்ணன், வருகிறவர்களிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷன் மானத்தோடு போகக்கூட விடமாட்டார்களா? "மாமா, சாராய வாடையே அவருக்கு ஆகாது. அபாண்டமாப் பேசாதீங்க!"

காலாவதியான ராணுவக் குண்டுகளைப் பிரிக்கும் பட்டறையில் அவருக்கு வேலை. உள்ளே இருக்கும் வெடிமருந்தை நீராவியில் உருக்கி வடித்து, பாறை உடைக்கக் கல்குவாரிக்கு அனுப்புவார்கள். பித்தளைக் கூடு தண்ணீர்க் குழாயாகும். ஆளைக் கொல்லச் செய்தது ஊருக்கு உதவுகிறதே என்று அவருக்கு ஏகப் பெருமை.

கூட வேலை பார்த்தவன் அப்போதுதான் வந்தான். பட்டறையில் அவனுக்கு ஒட்டடைக்குச்சி என்று பேர். நேரே போய்த் தன் இரண்டு கைகளையும் மூத்தார் மூக்குக்கு நேராக நீட்டினான். அவையும் மஞ்சள்.

"குடியும் இல்ல, ஒண்ணும் இல்லங்க. எல்லாம் மருந்துத் தூசி. தோல் வழியாவே உள்ள போய் ஈரலைத் தின்னுடும். அதனாலதான் வேலைச் சட்டையை எரிச்சிடணும்னு சட்டம். அண்ணன் கேட்டாத்தானே? 'குண்டையே வீணாக்கறதில்ல, நல்ல துணியை எரிக்கிறதாடா?'ன்னு சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துடுவார்."

"கேட்டுக்கிட்டீங்களா மாமா?" அவள் தலை நிமிர்ந்தாள். குடித்துச் செத்தான் என்ற பேர் இனி இல்லை. அந்தச் சமயத்தில் அவளுக்கு அதுவே போதுமாயிருந்தது. மூத்தார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நீங்களும் டாக்டர்கிட்ட காட்டிடுங்க அண்ணி," என்றான் ஒட்டடைக்குச்சி. "அதையெல்லாம் துவைச்சது நீங்கதானே?"

மதியம் தையல் கம்பெனிக்குப் போனால் அவள் வீடு திரும்ப இருட்டிவிடும். அழுக்குத் துணிப் பக்கம் அவள் போயே வருஷக்கணக்காகிறது.

கொல்லைப்பக்கத்திலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "அம்மா, அப்பா சட்டை ரெண்டு ஊறிட்டுக் கிடக்கு. தண்ணி எப்பவும்போலச் செவந்துடுச்சு. கொட்டிடவா?"

"இங்க வாடி. கையைக் காட்டு."

பெண் தயங்கிக்கொண்டே வந்து, விரல்களை மடக்கியபடி நீட்டினாள். "அது போகாதும்மா. நானும் தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்துட்டேன்."

அவள் மகளின் மணிக்கட்டைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தாள். வழியை மறித்து நின்ற மூத்தாரும் ஒட்டடைக்குச்சியும் வெளிச்சம் விழட்டுமென்று ஆளுக்கொரு பக்கமாக ஒதுங்கினார்கள்.