நேரில் விசாரித்தது

சவப்பெட்டிக்குள் கணவர் விக்டரின் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்த மர்சலினுக்குப் பின்னால் யாரோ கனைத்தார்கள். விக்டரின் ஆபீஸ் பியூன் ஷரீஃப்.

“தப்பா நினைக்காதீங்கம்மா. நொச்சிக்குப்பம் கேஸ் ஃபைலு சார் வீட்டுக்கு எடுத்தாந்தாரு. திங்கக்கிழமை கோர்ட்ல வெக்கணும்.”

“மாலைகூட இல்லாம ஃபைலு கேட்டு வந்துட்டாரு பாரு,” என்றாள் விக்டரின் அக்கா பிலோமினா, எல்லோருக்கும் கேட்கும்படி.

மர்சலின் உள்ளறைக்குப் போனாள். கட்டிலெல்லாம் ஃபைல்கள். சிறுவர்களுக்கான 1986 புதுச் சட்டம் வந்து நாலு வருடம் ஆகிறது. கவனிப்பாரற்ற பிள்ளைகளுக்கு வாரியம், குற்றம் சாட்டப்பட்ட பிள்ளைகளுக்குத் தனிக் கோர்ட், எதுவானாலும் மூன்று மாதத்துக்குள் விசாரணை முடிய வேண்டும். ஆனால் ஆபீஸில் நன்னடத்தை அலுவலர்கள் விக்டரையும் சேர்த்து அதே மூன்று பேர்தான். அவர் சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடம் விட்டு வந்து அறிக்கைகளை எழுதியது மர்சலின். ‘வீட்டுக்குச் சென்று தாயை நேரில் விசாரித்தேன்’ என்பதை அவள் கை தானாகவே எழுதும். அத்தனை தெரு அலைந்த கால்கள் என்று அவர் பாதங்களை வெந்நீரில் ஊறவைத்திருக்கிறாள்.

நொச்சிக்குப்பம் ஃபைலில் அறிக்கை தயாராக இருந்தது. கையெழுத்துதான் இல்லை.

“நீங்களே போட்டுடுங்கம்மா, சார் உயிரோட இருந்த புதன்கிழமை தேதி,” என்றார் பின்னாலேயே வந்த ஷரீஃப். “யார் எழுதறதுன்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். இல்லாட்டி புது ஆள் வர்றவரைக்கும் வாய்தாதான். பொண்ணு ஹோம்லயே கெடக்கும். அதோட அம்மா வெளிய நிக்குது.”

சமையலறைப் பின்வாசலில் முனியம்மாள் நின்றிருந்தாள். வீட்டு வேலைக்குப் போன இடத்தில் கம்மல் திருடியதாகப் பிடிபட்டவள் அவள் மகள்.

“கவலைப்படாதீங்க. உங்க வீட்டுக்கு வந்து பாத்துட்டு நல்லபடியாத்தான் எழுதியிருக்காரு,” என்றாள் மர்சலின்.

“யாரு, சாரா? வூட்டாண்ட யாரும் வர்லம்மா. வருவாரு வருவாருன்னு யாவாரத்துக்குக்கூட போவாம குந்திக்கினு இருந்தேன்.”

மர்சலின் ஷரீஃபைப் பார்த்தாள். அவர் வேறெங்கோ பார்த்தார்.

“தொண்ணூறு கேஸும்மா. எந்த வீட்டுக்குன்னு போவாரு?”

‘தந்தை இல்லை. குடிசை சுத்தமாக உள்ளது.’ அறிக்கையில் அவள் கையாலேயே எழுதியதுதான். அவள் அந்தத் தாளை உருவிக் கிழித்தாள். புதுத் தாள் எடுத்தாள்.

“உக்காருங்க. வீட்டுல எத்தனை பேரு?”

“இன்னாம்மா, சாவு வூட்ல போயி...”

“சொல்லுங்க.”

“நானு, இன்னும் ரெண்டு பொட்டப்புள்ளைங்க. அதுங்க அப்பன் கடலுக்குப் போய்க்கினு கீது. எம் பொண்ணு எடுக்கலம்மா. எடுத்திருந்தா கம்மலு எங்க? போலீசு குடிசயவே பிரிச்சிப் போட்டுச்சே!”

மர்சலின் ஒன்றுவிடாமல் எழுதினாள். அடியில் புதன்கிழமை தேதி போட்டு, விக்டரின் கையெழுத்தைப் போட்டாள்.

“பெட்டிய மூடப் போறாங்க. வந்து மொகத்தப் பாரு, மர்சலின்!” கூடத்திலிருந்து பிலோமினா கூப்பிட்டாள்.

மை இன்னும் காயவில்லை. மர்சலின் தாளை முகத்தருகே பிடித்து ஊதிக்கொண்டிருந்தாள்.