ஒற்றைப் பெண் பூ

அந்தப் பெகோனியாமேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. குளியலறை ஜன்னலில் வைத்தாலும் கோபித்துக்கொள்ளாமல் தழைத்தது. இலையின் அடிப்புறம் பூனைக்குட்டியின் காது போல மெத்தென்று மயிர் விட்டது. ஆண் பூக்களை அள்ளிக் கொட்டியது. பெண் பூ மட்டும் பூக்கவே இல்லை.

செடி ஆராய்ச்சியே தொழிலான அக்காவுக்கு அதுதான் கவலை. தம்பி ஒருவன் இருப்பதால் நாமும் அவளை அக்கா என்றே சொல்வோம். வேறு யாரும் அவளை எப்படியும் கூப்பிடுவதில்லை. பெகோனியா எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பதை, பெண் பூவின் சூல்பையைக் குறுக்கே வெட்டிப் பார்த்துத்தான் முடிவுகட்டுவார்கள். இது எந்தப் பிரிவிலும் சேராத தனிப் பிரிவு என்று அக்கா அடித்துச் சொல்லிவந்தாள். "வெட்டிக் காட்டுங்க, ஒத்துக்கறோம்," என்று ஆய்வகத்தில் சொல்லிவிட்டார்கள். திரும்பப் போய்த் தேடலாமென்றால், காட்டில் அவள் இந்தச் செடியைப் பெயர்த்தெடுத்த பாறையே மழையில் சரிந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்தவரை மிச்சம் இந்த ஒரு தொட்டிதான்.

தம்பி அவ்வப்போது போன் செய்வான். "ஒரு வாரம் வந்து இருந்துட்டுப் போயேன்கா."

"செடிக்கு யாருடா தண்ணி ஊத்துவா?"

"அதையே கட்டிக்கிட்டு மாரடி," என்று சிரிப்பான். அவளும் சிரிப்பாள். போனை வைத்ததும் வீடு மறுபடி வாயை மூடிக்கொள்ளும். பல் தேய்த்தபடி செடியிடம் ஆய்வகத்துக் கதையெல்லாம் சொல்வாள். யாரிடமாவது சொல்ல வேண்டுமே.

ஒரு காலையில் பெண் பூ விரிந்திருந்தது. இதழ்களுக்குக் கீழே குட்டியாய்ப் பச்சை வீக்கம், அதுதான் சூல்பை. அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெட்டுவதற்கு முன் மகரந்தம் தூவி விதையே எடுத்துவிடலாம், செடி இனி அநாதை இல்லை என்று ஆண் பூவைத் தேடினாள். ஒன்றுகூட இல்லை.

இந்தச் செடியில் ஆண் பூக்கள் முதலில் பூத்து உதிர்ந்துவிடும், அப்புறம்தான் பெண் பூ எட்டிப் பார்க்கும். வேறு சமயத்தில் பூக்கும் இன்னொரு செடி இருந்தால்தான் பிழைப்பு. பெகோனியாக்களுக்கு இது வழக்கம் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் அவள். ஆனால் உதிர்ந்த பூவையெல்லாம் தொழில் பழக்கத்தில் அன்றன்றே தாளுக்குள் அழுத்தி, சூட்டில் காயப்போட்டிருந்தாள். பூக்கள் வடிவு குலையாமல் இருந்தன, மகரந்தம் வெந்து செத்திருந்தது. ஒரே ஒரு பூவைச் சும்மா ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைக்கத் தோன்றவில்லை. தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

புது ஆண் மொட்டு ஏதாவது வருமா என்று காத்திருந்தாள். வரவில்லை. பெண் பூவின் இதழ் ஓரம் கருகத் தொடங்கியது. இனி விட்டால் சூல்பையும் உதிர்ந்துவிடும். பிளேடால் வெட்டி, லென்ஸில் பார்த்தாள். மூன்று அறை இருக்க வேண்டிய இடத்தில் ஒரே அறை. குறுக்கே ஒரு சுவர்கூட இல்லை. அவள் சொன்னது சரிதான்.

"பாத்தியா," என்று திரும்பினாள். துண்டு தொங்கும் கம்பிதான் இருந்தது.

அன்றே கட்டுரை எழுத உட்கார்ந்தாள். மயிர், இலை, சூல்பை எல்லாம் மளமளவென்று வந்தன. 'இப்பிரிவில் அறியப்பட்ட இனம் ஒன்று, செடி ஒன்று' என்று எழுதியதும் அழுகை வந்துவிட்டது. கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு எழுந்துபோய் ஓர் இலையைக் கிள்ளி ஈர மணலில் நட்டாள். பெகோனியா இலையிலிருந்தே முளைக்கும்.

அது வேர் பிடித்துத் துளிர்த்ததும் தம்பிக்கு போன் செய்தாள்.

"உங்க பால்கனியில வெளிச்சம் நல்லா வருமாடா?"

"வரும். ஏன்கா?"

"ஒரு தொட்டி அனுப்பறேன். ரெண்டும் ஒரே ஜன்னல்ல இருந்தா ஒண்ணாப் பூத்து ஒண்ணா உதிரும். இங்க பெண் பூ இருக்கும்போது அங்க ஆண் பூ இருக்கணும். பூத்ததும் சொல்லு, அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வரேன்."



"அது பூத்தாத்தான் வருவியாக்கா?"

அக்கா தொட்டி மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள். ஈரம் இருந்தது.

"அனுப்பலைடா," என்றாள். "நானே எடுத்துட்டு வரேன்."